கட்டிய கட்டடமும் கட்டிய கதையும்

எட்டாம் வகுப்பில் விலங்குகளின் இயக்கம் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளை. எலும்புகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையில் இரண்டு பேர் கண்ணயர்ந்துவிட்டார்கள். அந்த நேரத்துத் தூக்கத்தைக் கலைக்க நான் வழக்கமாகச் சொல்லும் ஒரு தகவல் உண்டு. “பாரிஸ் நகரத்து ஈபிள் கோபுரம் இருக்கிறதே, அதை நம் தொடை எலும்பைப் பார்த்துத்தான் கட்டினார்கள்!” பன்னிரண்டு ஆண்டுகளாக ஒவ்வோர் எட்டாம் வகுப்பிலும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அன்றும் நிமிர்ந்தது. ஆனால் நடுவரிசை மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள்.

“அவர் தொடை எலும்பை எங்க டீச்சர் பார்த்தாரு? அவர் டாக்டரா?”

“இல்லம்மா, இன்ஜினியர்.”

“அப்புறம் எலும்பை எதுக்குப் பார்த்தாரு?”

என்னிடம் பதில் இல்லை. “பார்த்துச் சொல்றேன்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. எங்கேயோ ஒரு கட்டத்துக்குள் ‘தெரியுமா உங்களுக்கு?’ என்று படித்ததை நான் சரிபார்க்காமலே பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த சில வாரங்கள் விலங்குகளின் உடலைப் பார்த்துக் கட்டடம் கட்டியவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கிடைத்தது நான் சொல்லிவந்த கதையைவிடச் சுவையானது. அறிவியல் ஆசிரியர்களுக்கு மட்டுமல்லாமல் கணக்கு, சமூக அறிவியல், ஓவிய ஆசிரியர்களுக்கும் தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும் வகுப்பறையில் பயன்படும் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

சூரிச் நகரில் ஓர் எலும்பு

இடுப்பில் சேரும் இடத்தில் நம் தொடை எலும்பு நேராக இருப்பதில்லை. பந்து போன்ற அதன் தலை பக்கவாட்டில் சாய்ந்து, இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் உடலின் எடை தொடை எலும்புத் தண்டின் உச்சிக்கு நேராக இறங்காமல், ஒரு பக்கமாக நீண்டிருக்கும் கழுத்தின் முனையில் இறங்குகிறது. தெருவில் நிற்கும் மின்கம்பத்தின் கை நுனியில் ஒருவர் தொங்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த எலும்புத் தலையை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் உள்ளே கெட்டியாக இருக்காது. மெல்லிய எலும்புக் கம்பிகள் பின்னிய பஞ்சு போன்ற அமைப்பு தெரியும். 1860களில் சூரிச் நகரில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ஹெர்மன் ஃபான் மேயர் அந்தக் கம்பிகள் கன்னாபின்னாவென்று ஓடவில்லை, ஒழுங்கான வளைகோடுகளாக ஓடுகின்றன என்பதைக் கவனித்தார். 1866ஆம் ஆண்டு அதை அறிஞர்கள் கூடிய அவையில் காட்டினார். அந்த அவையில் கார்ல் குல்மான் என்ற பொறியியல் பேராசிரியரும் இருந்தார். பாலம், கிரேன் போன்றவற்றில் விசைகள் எந்தப் பாதையில் ஓடுகின்றன என்பதைக் கோடுகளாக வரைந்தே கணக்கிடும் முறையை வளர்த்தெடுத்தவர் அவர். எலும்பின் உட்புறத்தைப் பார்த்தவுடன் அவருக்குத் தன் வரைபடம் நினைவுக்கு வந்தது. வளைந்த கிரேன் ஒன்று எடையைத் தூக்கும்போது அதற்குள் விசைகள் ஓடும் பாதையும் இந்த எலும்புக் கம்பிகளின் பாதையும் ஒத்துப்போயின. மேயர் இதை 1867இல் கட்டுரையாக வெளியிட்டார்.

மாணவர்களுக்கு இதை விளக்க ஒரு தென்னை மட்டை போதும். ஒரு முனையை மேசையில் அழுத்திப் பிடித்து, மறுமுனையில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். மட்டை வளையும். மேற்புறம் இழுபடுகிறது, கீழ்ப்புறம் அமுங்குகிறது. தொடை எலும்பின் கழுத்திலும் இதுதான் நடக்கிறது. அமுங்கும் பாதையில் ஒரு கூட்டம் கம்பிகள், இழுபடும் பாதையில் இன்னொரு கூட்டம் கம்பிகள். இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. விசை அதிகம் ஓடாத இடத்தில் எலும்பு மிகக் குறைவு. செலவைக் குறைத்து வலிமையைக் கூட்டும் கட்டுமானம் இது.

ஜெர்மனி அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் இன்னொரு படி மேலே போனார். சுமை மாறினால் எலும்பும் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் என்றார். கால் எலும்பு முறிந்து வாரக்கணக்கில் மாவுக்கட்டு போட்டுப் பிரித்தவரின் காலைப் பார்த்தால் தசை மெலிந்திருப்பது தெரியும். உள்ளே எலும்பும் அடர்த்தி குறைந்திருக்கும். விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் மிதக்கும் வீரர்கள் உடற்பயிற்சி இல்லாவிட்டால் இடுப்பு போன்ற இடங்களில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை எலும்பை இழக்கிறார்கள். எலும்பு என்பது ஒரு முறை கட்டி விட்டுவிட்ட கட்டடம் இல்லை. தினமும் இடித்து, தினமும் கட்டப்படும் கட்டடம்.

அப்படியானால் ஈபிள் கோபுரம்?

இங்கேதான் என் கதைக்குள் ஓட்டை இருக்கிறது. கோபுரத்தின் முதல் வரைபடத்தை 1884 ஜூன் மாதம் வரைந்தவர் குஸ்தாவ் ஈபிள் அல்லர். அவருடைய நிறுவனத்தில் வேலை பார்த்த மொரீஸ் கெக்லன் என்ற இளம் பொறியாளர். எமில் நூகியே என்ற சக பொறியாளரோடு சேர்ந்து அந்த யோசனையை உருவாக்கினார். பிறகு கட்டடக் கலைஞர் ஸ்டீபன் சோவெஸ்த்ர் அதற்கு அழகு சேர்த்தார். 1887இல் தொடங்கிய வேலை 1889இல் முடிந்தது.

கெக்லன் படித்தது சூரிச்சில். அவருடைய ஆசிரியர் யார் தெரியுமா? எலும்பில் கிரேனைக் கண்ட அதே கார்ல் குல்மான்.

இந்த இடத்தில் நானும் துள்ளிக் குதித்தேன். “பார்த்தாயா, எலும்புதான்!” என்று. பிறகு நிதானமாக யோசித்தேன். குல்மானிடம் கெக்லன் கற்றுக்கொண்டது விசையின் பாதையைக் கோடாக வரையும் கணக்கு. அந்தக் கணக்கைக் கோபுரத்துக்குப் போட்டார். கோபுரத்தின் கால்கள் அப்படி வளைந்திருப்பதற்கு ஈபிள் தாமே சொன்ன காரணம் காற்று. 300 மீட்டர் உயரத்தில் அடிக்கும் காற்றைத் தாங்க அடிப்பகுதி எவ்வளவு அகல வேண்டும் என்று கணக்கிட்டார்கள். கணக்கு கொடுத்த வளைவு அது. எலும்பைப் பார்த்துக் கோபுரம் வரையவில்லை. எலும்பையும் கோபுரத்தையும் புரிந்துகொள்ள உதவுவது ஒரே கணக்கு.

எலும்புக்கும் கோபுரத்துக்கும் உள்ள உறவு அண்ணன் தம்பி உறவு போன்றது. ஒருவர் முகச்சாயல் மற்றவரிடம் இருக்கும். ஆனால் ஒருவரைப் பார்த்து மற்றவரைச் செய்யவில்லை. நான் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தம்பியைப் பார்த்து அண்ணனைச் செய்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதே சூரிச், நூறு ஆண்டு கழித்து

உண்மையிலேயே எலும்புக்கூட்டையும் இறக்கையையும் கண்ணையும் பார்த்துக் கட்டடம் வரைந்தவர் ஒருவர் இருக்கிறார். ஸ்பெயின் நாட்டின் வலென்சியாவில் 1951இல் பிறந்த சான்டியாகோ கலட்ராவா. சொந்த ஊரில் கட்டடக் கலை படித்தார். அது போதாதென்று, குல்மான் பாடம் நடத்திய அதே சூரிச் தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்து கட்டுமானப் பொறியியலும் படித்தார். 1981இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வுத் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘சட்டகக் கட்டுமானங்களை மடக்குவது எப்படி?’

நம் பள்ளி அலுவலக வாசலில் இருக்கும் மடக்கு இரும்புக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள், அவை சேரும் இடத்தில் ஆணி. இழுத்தால் வாசல் முழுக்க விரிகிறது. தள்ளினால் ஓரத்தில் ஒடுங்குகிறது. பட்டை எதுவும் வளையவில்லை, ஆணி இருக்கும் மூட்டில் மட்டுமே அசைவு. நம் கையும் காலும் அசைவது இப்படித்தான். எலும்பு வளையாது, மூட்டு திரும்பும். கலட்ராவா தன் ஆய்வில் கேட்டுக்கொண்ட கேள்வி இந்த வகைப்பட்டது.

படித்ததை அவர் ஜெர்மனியின் கோஸ்ஃபெல்ட் என்ற ஊரில் ஒரு கிடங்கின் கதவில் செய்து பார்த்தார். 1980களின் நடுவில் கட்டியது. அலுமினியப் பட்டைகளை நெடுக்குவாட்டில் அடுக்கிய கதவு அது. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் முழங்கால் போல ஒரு கீல். எல்லா முழங்காலும் ஒரே உயரத்தில் இல்லை. வரிசையாகப் பார்த்தால் வளைகோடாக ஏறி இறங்குகின்றன. கதவைத் திறக்கும்போது பட்டைகள் முழங்காலில் மடிந்து மேலே எழும்பி, வாசலுக்கு மேல் வளைந்த நிழற்கூரையாக நிற்கின்றன. லாரி வந்து நிற்கும் கிடங்குக்கு இத்தனை அழகா என்று தோன்றும். ஆனால் கீல் மூட்டுப் பாடத்துக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

இறக்கை விரிக்கும் அருங்காட்சியகம்

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் மில்வாக்கி நகரம். அங்குள்ள கலை அருங்காட்சியகத்துக்குக் கலட்ராவா கட்டிய புதிய பகுதி 2001இல் திறக்கப்பட்டது. கண்ணாடிக் கூரை போட்ட உயரமான கூடம். அதன் உச்சியில் இரண்டு பெரிய இறக்கைகள். காலையில் அருங்காட்சியகம் திறக்கும்போது அவை விரிகின்றன, மாலையில் மூடும்போது மடங்குகின்றன. நடுப்பகலில் ஒருமுறை பார்வையாளர்களுக்காக மடங்கி விரிகின்றன.

இரண்டு பக்கமும் சேர்த்து 72 எஃகுப் பட்டைகள், அதாவது பக்கத்துக்கு 36. மிகச் சிறியது 26 அடி, மிக நீளமானது 105 அடி. எங்கள் வகுப்பறை 20 அடி நீளம். ஐந்து வகுப்பறைகளை வரிசையாக வைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் ஒரே ஒரு இறகு! இறக்கைகள் முழுதாக விரிந்தால் முனைக்கு முனை 217 அடி. மொத்த எடை அமெரிக்கக் கணக்கில் 90 டன். விரிய ஏறக்குறைய மூன்றரை நிமிடம் ஆகும்.

இந்த எண்களை நான் ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் அளவுமாற்றத்துக்கும் விகிதத்துக்கும் ஒரு வாரம் இதையே பயன்படுத்திக்கொண்டார்.

இப்போது ஒரு கோழி இறக்கையை இதனோடு ஒப்பிடுவோம். கறிக்கடையில் தோல் உரிக்காத இறக்கை ஒன்று வாங்கி, மேற்கையைப் பிடித்துக்கொண்டு முழங்கையை மட்டும் நீட்டிப் பாருங்கள். நீங்கள் தொடாமலே மணிக்கட்டும் நீளும். முழங்கையை மடக்கினால் மணிக்கட்டும் தானாக மடங்கும். முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றின்மேல் ஒன்று நழுவி இந்த வேலையைச் செய்கின்றன. இறக்கை முழுவதும் ஒரே அசைவில் விரியவும் ஒடுங்கவும் இது வழி செய்கிறது.

மில்வாக்கி இறக்கையில் முழங்கையும் இல்லை, மணிக்கட்டும் இல்லை. கூரையின் முதுகெலும்பு போலச் சாய்ந்து செல்லும் தண்டில் பட்டைகள் எல்லாம் பொருத்தப்பட்டிருக்கின்றன. அந்தத் தண்டு திரும்பும்போது பக்கத்து 36 பட்டைகளும் சேர்ந்து எழுகின்றன. ஆக, பறவையின் தோற்றம் இருக்கிறது, மூட்டு முறை வேறு.

அப்படியானால் இறக்கை வெறும் அலங்காரமா? இல்லை. அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வேலை பறப்பது இல்லை, நிழல் தருவது. கண்ணாடிக் கூடத்துக்குள் நேரே இறங்கும் வெயிலை விரிந்த பட்டைகள் சலித்து அனுப்புகின்றன. தாய்க்கோழி குஞ்சுகளுக்கு மேல் இறக்கை விரிக்கிறதே, அந்த வேலை. இன்னொன்றும் உண்டு. பட்டைகளில் காற்றின் வேகத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. மணிக்கு 23 மைல், அதாவது சுமார் 37 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மூன்று விநாடிக்கு அதிகமாகக் காற்று அடித்தால் இறக்கைகள் தாமாகவே மடங்கிவிடும். பலத்த காற்றில் மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் காகமும் இறக்கையை விரிப்பதில்லை, உடலோடு ஒடுக்கிக்கொள்கிறது. இந்த ஓர் இடத்தில் கட்டடம் பறவையிடமிருந்து தோற்றத்தோடு நடத்தையையும் எடுத்துக்கொண்டிருக்கிறது.

அசையாத அசைவு

எல்லாக் கட்டடமும் அசைய வேண்டியதில்லை. ஸ்வீடன் நாட்டு மால்மோ நகரில் கலட்ராவா கட்டிய 190 மீட்டர் உயர அடுக்குமாடிக் கட்டடம் 2005இல் முடிந்தது. 54 மாடிகள். இடுப்பைத் திருப்பி நிற்கும் மனித உடலைப் பார்த்து அவரே முன்பு செய்த சிற்பம் ஒன்றிலிருந்து உருவானது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது பெட்டிகள். ஒவ்வொன்றும் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. அடியிலிருந்து உச்சிக்குப் போவதற்குள் முழுக் கட்டடமும் 90 பாகை திரும்பிவிடுகிறது.

முதுகெலும்புத் தொடர் பாடத்தின்போது இதைக் காட்டலாம். மாணவர்களை நிற்கவைத்து, பாதத்தை நகர்த்தாமல் உடலை மட்டும் திருப்பச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் திரும்பவில்லை, ஒவ்வொரு முள்ளெலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி அது மொத்தமாகச் சேர்கிறது என்று அவர்களே சொல்வார்கள். மால்மோ கட்டடத்தின் வெளிப்புறத்திலும் முதுகெலும்பு போல ஓர் எஃகுச் சட்டகம் ஓடுகிறது. உள்ளே இருக்கும் கான்கிரீட் தண்டோடு சேர்ந்து காற்றில் கட்டடம் ஆடுவதைக் குறைப்பது அதன் வேலை.

மூட்டு இருந்தால் பராமரிப்பும் இருக்கும்

இதுவரை சொன்னதைக் கேட்டால் எல்லாம் சுகமாக முடிந்ததுபோல் தோன்றும். அப்படி இல்லை. மாணவர்களுக்கு இந்தப் பகுதியையும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

நியூயார்க்கில் உலக வர்த்தக மையம் இருந்த இடத்தில் கலட்ராவா கட்டிய ரயில் நிலையம் 2016இல் திறந்தது. குழந்தையின் கையிலிருந்து பறந்து செல்லும் பறவை என்பது அதன் கற்பனை. 2004இல் காட்டிய வடிவமைப்பில் அந்த இறக்கைகள் அசைய வேண்டும். செலவு கூடிக்கொண்டே போனதால் அசைவு கைவிடப்பட்டது. இறக்கைகள் நிலையாக நின்றன. உச்சியில் ஒரு கண்ணாடிப் பட்டை மட்டும் திறக்கும்படி அமைந்தது. அப்படியும் மொத்தச் செலவு சுமார் 400 கோடி டாலர்; முதலில் திட்டமிட்டதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. திறக்கும் அந்தப் பட்டையில் மழைநீர் ஒழுகியதும் பின்னால் செய்தியானது.

வலென்சியாவில் அவர் கட்டிய இசை நாடக அரங்கின் வளைந்த வெளிப்பரப்பில் ஒட்டியிருந்த ஓட்டுச் சில்லுகள் 2013 டிசம்பரில் பெயர்ந்து விழுந்தன. அரங்கை மூடிவிட்டுச் சில்லுகளை அகற்றி மீண்டும் பூச வேண்டியதாயிற்று.

இதிலிருந்து ‘இயற்கையைப் பார்த்துக் கட்டுவது வீண்’ என்ற முடிவுக்கு வர வேண்டியதில்லை. உயிருள்ள உடலில் எலும்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. மூட்டில் குருத்தெலும்பு இருக்கிறது, உராய்வைக் குறைக்கும் திரவம் ஊறிக்கொண்டே இருக்கிறது. தோல் உரிந்தால் மறுபடி வளர்கிறது. கட்டடத்துக்கு இவை எதுவும் கிடையாது. அதற்கு எண்ணெய் விட ஆள் வேண்டும், ரப்பர் பட்டை கிழிந்தால் மாற்ற ஆள் வேண்டும், ஆண்டுதோறும் பணம் வேண்டும். உடலின் வடிவத்தைக் கடன் வாங்குவது எளிது, அதன் பராமரிப்பைக் கடன் வாங்க முடியாது.

கரையான் சொல்லித் தந்த பாடம், தவறாகப் புரிந்த பாடம்

ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் 1996இல் திறந்த ஈஸ்ட்கேட் வளாகத்தைக் கட்டியவர் மிக் பியர்ஸ். வழக்கமான ஏசி இல்லாமல் குளுமையாக இருக்கும் அலுவலகக் கட்டடம். இரவில் குளிர்ந்த காற்றை விசிறிகள் உள்ளே இழுக்கின்றன. கனமான கான்கிரீட் அந்தக் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கிறது. பகலில் சூடான காற்று மேலெழுந்து புகைபோக்கிகள் வழியே வெளியேறுகிறது. கரையான் புற்றிலிருந்து கற்றுக்கொண்டது என்று உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் பேசப்படுகிறது.

புற்றுக்குள் சூடான காற்று மேலே போய் வெளியேறுவதால் கரையான்கள் குளுமையாக இருக்கின்றன என்பது அன்றைய புரிதல். பிறகு நமீபியாவில் புற்றுகளை ஆராய்ந்த ஸ்காட் டர்னர், அவரோடு பணிபுரிந்த ரூபர்ட் சோர் ஆகியோர் 2008இல் வேறு ஒன்றைச் சொன்னார்கள். கரையான் கூட்டின் வெப்பநிலை சுற்றியுள்ள மண்ணின் வெப்பநிலையைத்தான் பின்பற்றுகிறது. மேலே எழும்பி நிற்கும் புற்று ஏசி இயந்திரம் போல வேலை செய்யவில்லை, நுரையீரல் போல வேலை செய்கிறது. வெளியே மாறி மாறி அடிக்கும் காற்று புற்றுக்குள் வாயுக்களைக் கலக்க உதவுகிறது.

கட்டடம் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அது பார்த்து எழுதியதாகச் சொன்ன விடைத்தாள் தவறு! இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. பெரியவர்களும் இயற்கையைத் தவறாகப் படிக்கிறார்கள். வேறுபாடு என்னவென்றால், அங்கே ஒருவர் புற்றைத் தோண்டி அளந்து பார்த்தார்.

வகுப்பறையில் மூன்று கேள்விகள்

இவ்வளவையும் படித்த பிறகு, ‘இயற்கையைப் பார்த்துக் கட்டியது’ என்று எந்தக் கட்டடம் பற்றிச் சொன்னாலும் மாணவர்களோடு மூன்று கேள்விகள் கேட்கப் பழகிக்கொண்டேன்.

1. விலங்கிடமிருந்து எதை எடுத்தார்கள்: வடிவத்தையா, வேலை செய்யும் முறையையா?
2. விலங்குக்கு அந்த உறுப்பு செய்யும் வேலையும் கட்டடத்தில் அது செய்யும் வேலையும் ஒன்றா?
3. இந்தத் தகவலைச் சொன்னது யார்? கட்டியவரா, பிறகு வந்தவர்களா?

மூன்றாவது கேள்வியில் என் ஈபிள் கோபுரம் விழுந்துவிடும். முதல் கேள்வியில் மில்வாக்கி இறக்கை பாதி மதிப்பெண் வாங்கும். கோஸ்ஃபெல்ட் கதவு முழு மதிப்பெண்.

செய்து பார்க்க எளிய செயல்பாடுகளும் உண்டு. அதிகச் செலவு கிடையாது.

காகித எலும்பு: ஒரே அளவுள்ள எட்டு ஏ4 தாள்கள். நான்கைக் குழாயாகச் சுருட்டி ஒட்டி நிறுத்தி, மேலே அட்டை வைத்துப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். மற்ற நான்கைப் பட்டையாக மடித்து நிறுத்திப் பாருங்கள். தாள் அதே தாள், எடை அதே எடை. நீண்ட எலும்புகள் ஏன் குழாய் வடிவில் இருக்கின்றன என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

எலும்பின் உள்ளே: கறிக்கடைக்காரரிடம் சொல்லி ஆட்டுத் தொடை எலும்பின் தலைப்பகுதியை நீளவாக்கில் வெட்டி வாங்கிக்கொள்ளலாம். வேகவைத்து, சோடா உப்புப் போட்ட நீரில் ஊறவைத்துக் கழுவி, வெயிலில் காயவைத்தால் நாற்றம் இருக்காது. கைலென்ஸ் வழியாகப் பார்த்து கம்பிகள் ஓடும் திசையை வரையச் சொல்லுங்கள். எலும்பைத் தொட விரும்பாத பிள்ளைகளை வற்புறுத்த வேண்டாம். அவர்கள் படத்தைப் பார்த்து வரையலாம்.

ஈர்க்கு இறக்கை: இதுதான் எங்கள் வகுப்பில் பெரும் வெற்றி. இரண்டு ஸ்ட்ராக்களை ‘முதுகெலும்பாக’ வைத்து, தென்னை ஈர்க்குகளை நீளத்திலிருந்து குட்டை வரை வரிசையாகக் கட்டினார்கள். ஸ்ட்ராவை உருட்டினால் ஈர்க்குகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. ஒரு குழு தன் இறக்கையை மேசையில் விரித்து வைத்திருந்தபோது யாரோ மின்விசிறியைப் போட்டுவிட்டார்கள். மாதிரி தலைகீழாகக் கவிழ்ந்தது. “டீச்சர், காத்து அடிச்சா மூடிக்கணும்னு வைக்கணும்” என்றான் ஒரு மாணவன். மில்வாக்கி உணரிகளைப் பற்றி நான் அவர்களிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

திருத்திச் சொன்ன நாள்

ஈர்க்கு இறக்கைக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. “போன மாதம் நான் சொன்னது தப்பு” என்று தொடங்கினேன். ஈபிள், கெக்லன், குல்மான், எலும்பு என்று கரும்பலகையில் எழுதி, யாருக்கும் யாருக்கும் என்ன உறவு என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். வகுப்பு அமைதியாக இருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி: “அப்போ பரீட்சைக்கு எதை டீச்சர் எழுதணும்?” நான் சொன்ன தப்பு பரீட்சைக்கு வராது என்றதும் சிரித்துவிட்டார்கள். கேள்வி கேட்ட மாணவி மட்டும் அம்புக்குறிகளைக் குறிப்பேட்டில் வரைந்துகொண்டிருந்தாள்.

இந்த வகுப்புக்குச் சொல்லிவிட்டேன். முந்தைய வகுப்புகளுக்கு? நான் முதன்முதலில் இந்தக் கதையைச் சொன்ன ஆண்டில் படித்த மாணவி ஒருத்தி இப்போது பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். போனில் பேசும்போது இதைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னாள்: “ஐயோ டீச்சர், நானும் எங்க பசங்ககிட்ட அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

அடுத்த வாரம் அவள் தன் வகுப்பில் திருத்திச் சொல்லிவிட்டாளாம். மேயர், குல்மான் பெயர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு நுழையாது என்பதால் தென்னை மட்டையையும் செங்கல்லையும் மட்டும் காட்டியிருக்கிறாள். மட்டை வளைந்ததும் பிள்ளைகள் தங்கள் தொடையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்களாம்.

எங்கள் எட்டாம் வகுப்பில் பாடம் இரண்டு பாடவேளை பின்தங்கியிருக்கிறது. எதைச் சொன்னாலும் “யார் டீச்சர் சொன்னது?” என்று கேட்கிறார்கள்.